இரண்டு மூக்கு ரொக்கெட்

அத்தியாயம் 5

துரையின் மேசையில் ஒரு மூக்கு கிடந்தது.

மனித மூக்கு இல்லை. அப்படியென்றால் பொலிஸ் வந்திருக்கும், எங்களைக் கிட்டவும் விட்டிருக்க மாட்டார்கள். இது பிளாஸ்டிக் மூக்கு. ரொக்கெட்டின் உச்சியில் கூராக இருக்குமே, அது. ஒரு பக்கம் உருகிக் கரி பிடித்திருந்தது. மறுபக்கத்தில் நீலப் பெயின்ட் மிச்சமிருந்தது. அதில் கட்டிய நூலின் முனையில் கருகிய செம்மஞ்சள் பொலித்தீன் துண்டு ஒன்று தொங்கியது. இதற்கெல்லாம் அடியில் துரை ஒரு வெள்ளைக் கைலேஞ்சியை விரித்து வைத்திருந்தார். கொலைக் கேஸ் நடத்துகிற நினைப்பு.

"நேற்று பள்ளிக்கூடத்துல விட்ட ரொக்கெட்டோட கீழ்ப்பகுதி இது," என்றார் துரை சிங்களத்தில். "எரிஞ்சுக்கிட்டே வந்து என் ஸ்மோக்ஹவுஸ் மேல விழுந்திருக்கு. உள்ளே புகை போட்டுக் காயவச்சிருந்த ரப்பர் ஷீட் அத்தனையும் போச்சு. வர்ற வாரம் நான் ஸ்டொக் எண்ணிப் பார்க்க இருந்தேன். பொழுது சாயிறதுக்குள்ள டீச்சர் இங்க வந்து, பிழை தன்னுடையதுன்னு எழுதிக் கையெழுத்து வைக்கணும். இல்லன்னா பொலிசுக்கு அறிவிப்பேன்."

வெஸ்ட்புரூக் தோட்டத்தின் பெரியதுரை இவர். தெஹியோவிட்டவிலிருந்து ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் இவர் ஆளுகிற ரப்பர் மரங்கள்தான். அந்த மரங்கள் எதற்கும் அவசரப்படுவதில்லை. துரையின் மூளையும் அப்படித்தான்.

அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் நுஸ்கா மிஸ். இன்ஷூரன்ஸ் கம்பனியில் பல வருஷம் பொய்க் கிளெய்ம் பிடித்துப் பழகிய கண். இப்போது தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் சொந்தமாக விசாரணை நடத்துகிறார். டீச்சரின் அம்மா கூப்பிட்டு இங்கே வந்திருந்தார். நான் அருள்தாஸ், அவருடைய உதவியாளர். உதவியாளர் என்றால், த்ரீவீல் என்னுடையது.

"இது விழுந்ததக் கண்டது யாரு?" என்று கேட்டார் மிஸ்.

"நம்ம பெக்டரி ஒபிசர் பவுல். நேற்றைய விழாவுக்குப் பிரதம அதிதியும் அவர்தான்."

பவுல் ஐயா அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார். ரப்பர் பாலை ஷீட்டாக அடித்து, புகை போட்டு, லொறியில் ஏற்றி அனுப்புவது வரை அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டியிருந்தார். அந்த டையைப் பார்த்தால் ரப்பர் அவர் கையில் ஒட்டியதே இல்லை என்று நினைக்கத் தோன்றும்.

"என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன் மிஸ்," என்றார் தமிழில். "பாரசூட் விரிஞ்சு, எரிஞ்சுக்கிட்டே எறங்குச்சு. நேரா கூரை மேல."

"கீழ்ப்பகுதிதானா? மேல்பகுதி இல்லையே?"

"மேல்பகுதி பிள்ளைங்க கையிலயே விழுந்துச்சுங்க. ஊரே பார்த்துச்சு. இது கீழ்ப்பகுதிதான், சத்தியமா."

"சத்தியம் தேவயில்ல," என்றார் மிஸ். அந்தக் கரி மூக்கைத் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டியதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கோழியைக் கண்ட கீரிக்கு அப்படித்தான் வரும்.

"என்ன மிஸ், பல்லு தெரியுது?"

"வண்டிய எடு. டீச்சர்ட்ட போவோம்."

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை மட்டும் திறந்திருந்தது. மெரினா டீச்சர் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தார். இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் அறைகளில் ஒன்றில் பிறந்து, பால் வெட்டுகிற தாயின் சம்பளத்தில் படித்து, விஞ்ஞான ஆசிரியையாகத் திரும்பி வந்தவர். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. பிழை என்னுடையது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வேலை போகும். எழுதிக் கொடுக்காவிட்டால் பொலிஸ் முறைப்பாடு, அப்போதும் போகும். துரை கொடுத்த இரண்டு வழியும் ஒரே பள்ளத்துக்குப் போகிற வழிதான்.

அழுது முடித்த முகம். ஆனால் குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு ரொக்கெட் ஒரு கேடான்னு துரை கேட்டாரு மிஸ். பிள்ளைங்க முன்னாடியே கேட்டாரு. நேத்துல இருந்து அதுங்க ஒண்ணும் பேசுறதில்ல."

"ரொக்கெட் எப்படி செய்தீங்க என்று செல்லுங்க. எனக்கு வெளங்குற மாதிரி. இவனுக்கு வெளங்காட்டியும் பரவாயில்ல."

இவன் என்றது என்னை. மிஸ்ஸின் பேச்சில் 'சொல்லு' எப்போதும் 'செல்லு'தான்.

"கொழும்புல ஒரு போட்டியில ஆறுதல் பரிசா ரெண்டு கிட் குடுத்தாங்க மிஸ். ரெண்டும் தனித்தனி ரொக்கெட், ஒவ்வொண்ணும் ஒரே அடுக்கு. பெட்டியில உள்ளபடி ஒட்டினா ரெண்டு குட்டி ரொக்கெட்டு வரும். ரெண்டையும் சேர்த்து ஒரே ரொக்கெட்டா, ரெண்டு அடுக்கா செய்வோமேன்னு பிள்ளைங்கதான் கேட்டுச்சு."

மேசைக்கு அடியிலிருந்து அவர் ஒரு நீலக் கடதாசிக் குழாயை எடுத்தார். நேற்று மைதானத்தில் பிள்ளைகள் ஏந்திப் பிடித்த மேல்பகுதி. நுனியில் மூக்கு சுகமாக இருந்தது. செம்மஞ்சள் பாரசூட்டும் இருந்தது.

"கீழ் எஞ்சின் எரிஞ்சு முடியிறப்ப அதோட நெருப்பு மேல பாஞ்சு மேல் எஞ்சினைப் பத்தவைக்கும். உடனே கீழ்க்குழாய் கழண்டுரும். மேல்குழாய் தனியா ஏறி, உச்சிக்குப் போனதும் மூக்கைத் தள்ளித் திறந்து பாரசூட்டை விடும்."

"படிச்சு முடிச்சுக் கொழும்புக்குப் போன என் மச்சான் மாதிரி," என்றேன். "மேல ஏறினதும் கீழ உள்ளதைக் கழட்டி விட்டுட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பழக்கம்தான்.

"கிட்டுல வந்த எஞ்சினையே கீழயும் போடலாந்தானே?" என்றார் மிஸ்.

"போட்டா கெட்டுச்சு மிஸ். அது எரிஞ்சு முடிஞ்சதும் கொஞ்சம் பொறுத்துத்தான் மேல நெருப்பு தள்ளும். அதுக்குள்ள ரொக்கெட் குப்புற திரும்பிரும். அதுக்கப்புறம் மேல் எஞ்சின் பத்தினா நெலத்தைப் பார்த்துல்ல பாயும். பொறுக்காம ஒடனே பத்தவைக்கிற எஞ்சின் வேற வேணும்னு எழுதிக் கேட்டு எடுத்தோம். கீழ பெரிய செட்டையும் வச்சோம், கோணாம ஏறட்டும்னு. நேத்து ரெண்டு அடுக்கும் அச்சாவாப் போச்சு மிஸ். எந்தக் கூரைக்கும் போகல. ஆனா என்னால அதை நிரூபிக்க முடியல. கீழ்க்குழாய் ரப்பர் மலையில எங்க விழுந்துச்சோ, இன்னும் கெடைக்கல."

"ஒபிசுல ஈக்குற துண்ட உங்களுக்குக் காட்டினாங்களா?"

"இல்ல மிஸ். கீழ்ப்பகுதி கெடைச்சிருச்சின்னு மட்டும் சொன்னாங்க."

மிஸ் போனை நீட்டினார். டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மேல்பகுதியைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"இது மூக்கு மிஸ்."

"ம்."

"கீழ்ப்பகுதிக்கு மூக்கே கெடையாது. அது ரெண்டு பக்கமும் தொறந்த வெறுங்குழாய். மூக்கு இருந்தா அதுக்கு மேல இதை எப்படிச் சொருவுறது? பாரசூட்டும் கெடையாது. சும்மா உருண்டு விழும்." நிறுத்தினார். "ஆனா இது எங்க பெயின்ட்டு. பள்ளிக்கூட ஜன்னலுக்கு அடிச்சு மிஞ்சினது."

"ரெண்டு கிட்டு," என்றார் மிஸ். "ரெண்டு மூக்கு, ரெண்டு பாரசூட்டு. உங்கட ரொக்கெட்டுக்கு ஒவ்வொண்டு போதும். மிஞ்சின மூக்கு எங்க?"

டீச்சரின் கை வாய்க்குப் போனது. "நினைவுச்சின்னம்," என்றார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரதம அதிதி இல்லாமல் இங்கே ஒரு காரியமும் நடக்காது. பிள்ளைகள் பட்டம் விட்டாலும் ஒருவர் நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு வெற்றிலைத் தட்டு, மாலை, கடைசியில் பளபளக்கிற கடதாசியில் சுற்றிய நினைவுச்சின்னம். பதிலுக்கு அவர் நீண்ட உரை ஒன்று ஆற்றி எல்லோரையும் வெயிலில் வாட்டுவார்; நேற்று நானும் வாடினேன், மிஸ்ஸிடம் புலம்பியும் தீர்த்தேன். சுற்றிய கடதாசியைச் சபையில் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. வீட்டுக்குப் போனபின் பிரிப்பதும் அபூர்வம். அதுபாட்டுக்கு அலுமாரிக்குள் ஏறிக் குந்திவிடும்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் நினைவுச்சின்னம் வாங்க வசதி ஏது? மிஞ்சிய மூக்கையும் பாரசூட்டையும் பிள்ளைகள் ஒரு பலகையில் அழகாகப் பொருத்தி, சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பிரதம அதிதி பவுல் ஐயா அதைக் கமுக்கட்டில் செருகிக்கொண்டு போயிருக்கிறார்.

"முடிஞ்சுது," என்றேன். "சாம்பல்ல போட ரொக்கெட் துண்டு ஒண்ணு தேவைப்பட்டிருக்கு. நிஜத் துண்டு கெடைக்கல. வீட்டுக்குப் போயி பார்சலப் பிரிச்சா உள்ள அதே நெறத்துல ரொக்கெட்டு. மேலயா கீழயான்னு மனுஷனுக்குத் தெரியல. வாங்க, போயி டையைப் பிடிப்போம்."

"பிடிச்சா 'ஊட்டுல இருந்து யாரோ களவெடுத்துட்டாங்க' என்று செல்லுவார். துரை தலையாட்டுவார். தலையாட்டத் துரைக்கு நல்லா வரும்." மிஸ் எழுந்தார். "அவர் ஏன் ஸ்மோக்ஹவுஸ எரிக்கணும்? அதுதான் இன்னும் தெரியல்ல."

ஸ்மோக்ஹவுஸ் நின்ற இடத்தில் தகரமும் கரித்தூண்களும்தான் மிச்சம். அதற்கு நேர் கீழே ஒரு லயம். முற்றத்தில் வெள்ளைக் கவுன் போட்ட நாலு சிறுமிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் தோட்டத்து மாதா கோயிலில் அவர்களுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்து வந்தும் கவுனைக் கழற்ற மனமில்லை.

டீச்சரின் அம்மா பிலோமினம்மா வாசலில் நின்றார். எங்களைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லங்க மிஸ்?"

"ஆக விடமாட்டேன்," என்றார் மிஸ். பார்வை சிறுமிகளின் மேல் இருந்தது. "இந்தக் கவுனெல்லாம் யார் கழுவின?"

பற்றி எரிந்த கட்டிடத்தை விட்டுவிட்டுச் சலவையை விசாரிக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாந்தாங்க. நாலு வீட்டுதையும் நேத்துக் காலையில துவைச்சுக் கொடியில போட்டுட்டுத்தான் ரொக்கெட்டு பார்க்கப் போனோம்."

"கொடி எங்க?"

அவர் கைகாட்டினார். எரிந்த கட்டிடத்துக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு கம்பி.

"எரியக்குள்ள புகை எந்தப் பக்கம் வந்தது?"

"இந்தப் பக்கந்தாங்க, நேரா லயத்து மேல. நாங்க ஓடி வர்றப்ப வெறகடுப்பு ஊதுற மாதிரி கண்ணு எரிஞ்சுச்சு. கவுன எடுக்கக்கூட தோணல. எல்லாம் அமந்த பொறவுதான் எடுத்தேன்."

"திரும்பக் கழுவினீங்களா?"

"தண்ணி எங்கங்க? பீலிக் குழாய் நேத்து மத்தியானத்துல இருந்து வெறுமனே சொட்டுது. அப்படியே இஸ்திரி போட்டேன்."

மிஸ் குனிந்து ஒரு சிறுமியின் கழுத்துப்பட்டியின் லேஸைத் திருப்பிப் பார்த்தார். கவுனின் கைப்பகுதியைப் பார்த்தார். அவளிடம் கேட்டு நாலு பேரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். பால் வெள்ளை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

"கவுன் நல்லாத்தானே மிஸ் இருக்கு?"

"நீ ரப்பர் தோட்டத்துலதானே பொறந்த?"

"ஆமா மிஸ்."

"இத வெளிய யாருக்கும் செல்லாத."

துரையின் ஒபிசில் கடதாசியும் பேனையும் தயாராக இருந்தன. மெரினா டீச்சருக்குக் கதிரை காட்டப்படவில்லை. மிஸ்தான் ஒன்றை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். பிறகு நடந்த பேச்செல்லாம் சிங்களத்தில். நான் தமிழில் தருகிறேன்.

கீழ்ப்பகுதிக்கு மூக்கும் பாரசூட்டும் கிடையாது என்பதை மிஸ் விளக்கினார். துரை கேட்டார். மிஸ் இன்னொரு முறை விளக்கினார். துரை மூக்கைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது முறை டீச்சரே மேல்பகுதியின் மூக்கைக் கழற்றிக் காட்டியபோதுதான் அவர் முகத்தில் விளக்கெரிந்தது.

"அப்போ இது எங்கே இருந்து வந்தது?"

"பவுலுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த நினைவுச்சின்னத்திலிருந்து," என்றார் மிஸ்.

பவுல் ஐயா அசரவில்லை. "அது என் வீட்டுல பத்திரமா இருக்கு சார். கடதாசி கூடப் பிரிக்கல. பிள்ளைங்க அன்பாக் கொடுத்தது."

"அப்படியா? கொண்டு வாங்களேன்."

மோட்டார்சைக்கிள் போய் வந்தது. பவுல் ஐயா ஒரு பார்சலை மேசையில் வைத்தார். பளபளக்கிற கடதாசி, ரிபன், மடிப்புக் கலையாத ஒட்டு. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா?" என்றார் துரை. "அநியாயமா ஒரு நல்ல மனுஷனை..."

"பிரிங்க," என்றார் மிஸ்.

"அது மரியாதையில்லைங்க," என்றார் பவுல் ஐயா அவசரமாக. அந்த அவசரம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. அவர் வாழ்நாளில் நினைவுச்சின்னத்தைப் பிரித்துப் பார்க்கச் சொன்ன ஆளை அவர் சந்தித்ததில்லை. சுற்றிய கடதாசியே போதும் என்று நம்பி வந்திருக்கிறார்.

துரையே பிரித்தார். உள்ளே ஒரு சுவர்க்கடிகாரம். முகப்பில் எழுதியிருந்தது: முன்பள்ளிக் கலைவிழா, பிரதம அதிதி பவுல் ஐயா அவர்களுக்கு.

துரைக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் வாசித்துக் காட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக எதையும் வாசித்ததில்லை.

"மாறிப்போச்சு சார், அலுமாரி நெறைய இருக்கு," என்றார் பவுல் ஐயா. துரையும் உடனே அவர் பக்கம் சாய்ந்தார். டை கட்டியவருக்கு டை கட்டியவர்.

"மாறியிருக்கலாம்தானே? தன்னுடைய ஸ்மோக்ஹவுஸை அவரே எரிப்பாரா? உள்ளே அவ்வளவு ரப்பர் இருந்தது."

"ரப்பர் எரிந்தால் புகை என்ன நிறம், மிஸ்டர் மனேஜர்?"

துரை யோசித்தார். ரப்பர் தோட்டத்துத் துரை யோசித்தார். நான் மட்டும் அந்தக் கேள்வியில் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு டயர் எரிந்தாலே பக்கத்து மலை வரைக்கும் கரி பறக்கும்.

மிஸ் போனை மேசையில் வைத்தார். நாலு வெள்ளைக் கவுன்.

"தீப்பிடித்தபோது இவை நேர் கீழே கொடியில் கிடந்தன. புகை முழுக்க இவற்றின் மேல்தான் போயிருக்கிறது. திரும்பக் கழுவவில்லை, இன்று பூசைக்குப் போட்டார்கள். ஒரு பொட்டுக் கரி இல்லை. எரிந்தது வெறும் மரச்சட்டம். உள்ளே ஒரு ஷீட் கூட இருக்கவில்லை. அதெல்லாம் முன்பே லொறி ஏறிவிட்டது. நீங்கள் ஸ்டொக் பார்க்க வரப்போகிறீர்கள் என்று தெரிந்ததும் கட்டிடம் எரிய வேண்டியதாகிவிட்டது. ரொக்கெட் விடும் நாள் பார்த்து எரித்தால் பழி போட ஆள் தயார்."

"நான் மேடையில இருந்தேனே," என்றார் பவுல் ஐயா. குரல் இறங்கியிருந்தது.

"புகையடுப்பில் அளவுக்கு மேல் விறகை அடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். அது சட்டத்தைப் பிடிக்க நேரம் வேண்டும். அதுவரை ரொக்கெட்டை விடக்கூடாது. அதனால்தான் அவ்வளவு நேரம் பேசினீர்கள்."

நேற்று அந்த உரையை நானும் கேட்டேன். விஞ்ஞானத்தின் மகிமை, ஒழுக்கத்தின் அவசியம், பெற்றோரின் கடமை. ஒரு மனிதனால் இவ்வளவு வெறும் பேச்சுப் பேச முடியுமா என்று வெயிலில் நின்று வியந்தேன். அதிலும் ஒரு காரியம் இருந்திருக்கிறது. அவர் பேசிய உரைகளிலேயே உருப்படியானது அதுதான்.

பவுல் ஐயா டையைத் தளர்த்தினார். துரையைப் பார்க்காமல், "வரக்காப்பொல யாவாரிதான் சார் ஷீட்டை விலைக்குக் கேட்டான்," என்றார்.

துரை நெடுநேரம் கைலேஞ்சியை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சருக்காக வைத்திருந்த கடதாசியை மேசை லாச்சிக்குள் தள்ளி மூடினார்.

"சரி டீச்சர். உங்கள் பேரில் ஒன்றும் இல்லை. நீங்கள் போகலாம்."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்ப்பக்கம் வரவில்லை. வரும் என்று நானும் காத்திருக்கவில்லை. எழுந்துவிட்டேன். மிஸ்ஸும் எழுந்துவிட்டார். மெரினா டீச்சர் எழவில்லை.

"நாளைக்குக் காலைக் கூட்டத்துக்கு வாங்க சார்," என்றார்.

"எதற்கு?"

"ரொக்கெட் ரெண்டு அடுக்கும் சரியாப் போச்சு, கூரையில விழலன்னு பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லணும். அதுங்களுக்கு ரொக்கெட் ஒரு கேடான்னு அதுங்க முன்னாடி கேட்டது நீங்கதானே."

"நான் இந்தத் தோட்டத்தின் மனேஜர்."

"தெரியும் சார். அதனாலதான் கூப்பிடுறேன். மாலை இருக்காது. மேடையும் கெடையாது, பிள்ளைங்களோட கீழதான் நிக்கணும்."

துரை நுஸ்கா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் கைப்பையின் சிப்பைப் பூட்டுவதில் மும்முரமாக இருந்தார். துரை என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தின் எழுத்தை இன்னொரு முறை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை மணிக்கு?" என்றார் துரை கடைசியில்.

"ஏழரைக்கு." டீச்சர் எழுந்து தன் ரொக்கெட்டை எடுத்துக்கொண்டார். "சுருக்கமாப் பேசுங்க சார்."